அணையில் தண்ணீர் எவ்வளவு, மண் எவ்வளவு? நீர்நிலைகள் தூர்ந்துபோகும் கணக்கு

துங்கபத்திரை அணையில் 1953-இல் நீர் தேக்கத் தொடங்கியபோது அதன் கொள்ளளவு 132.47 டி.எம்.சி. 2016-இல் அளந்தபோது 105.79 டி.எம்.சி. அணைச்சுவர் அதேதான், முழு நீர்மட்டமும் அதே 1,633 அடிதான். ஆனால் அணை நிரம்பிவிட்டது என்று அறிவிக்கும் நாளில், அந்தக் காலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் குறைவாகவே உள்ளே இருக்கிறது. குறைந்துபோன 26.7 டி.எம்.சி. இடத்தை வண்டல் பிடித்துக்கொண்டது. வைகை அணையை ஏறக்குறைய நான்கு தடவை நிரப்பக்கூடிய அளவு அது.

ஏரி, ஆறு, அணை ஆகியவை காலப்போக்கில் மாறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. மழை குறையலாம், மேலே வேறொரு அணை கட்டப்படலாம், ஏரியின் உள்வாயை, அதாவது நீர் நிற்கும் உட்பகுதியை, வளைத்து வீடு கட்டலாம், சாக்கடை கலக்கலாம். இவையெல்லாம் கண்ணில் படும், செய்தியாகும். மண் மட்டும் ஓசையில்லாமல் ஆண்டுதோறும் வந்து சேர்கிறது. தண்ணீர் வரும், போகும். மண் வந்தால் பெரும்பாலும் தங்கிவிடும். ஒரு நீர்நிலையின் ஆயுளைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் இந்த மண் கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது. மற்ற காரணங்கள் பலவும் கடைசியில் இதனோடு வந்து சேர்ந்துகொள்கின்றன.

முதலில் அளவுகள். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, அதாவது சுமார் 2.83 கோடி கன மீட்டர். ஆற்றில் விநாடிக்கு 10,000 கன அடி நீர் ஒரு நாள் முழுக்க ஓடினால் 0.86 டி.எம்.சி. வரும். இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் அணைச் செய்திகள் எல்லாமே விளங்கும்.

மண் எங்கிருந்து வருகிறது

மண்ணை முதலில் பெயர்ப்பது ஓடும் நீர் அல்ல, விழும் மழைத்துளி. மூடாக்கு இல்லாத தரையில் துளி விழும் வேகத்தில் மண்கட்டி உடைந்து தூளாகிறது, அதன்பிறகுதான் வழிந்தோடும் நீர் அதை ஏற்றிச் செல்கிறது. இலைச்சருகும் புல்லும் மூடிய காட்டுத் தரையில் துளியின் அடி மண்ணில் படுவதில்லை. அதே சரிவில் மேலிருந்து கீழாக உழுது கிழங்கோ காய்கறியோ போட்டால் உழவுச்சால் ஒவ்வொன்றும் ஒரு சிறு வாய்க்காலாகிவிடும். சரிவுக்குக் குறுக்கே உழுவது, சமமட்ட வரப்பு, கல் வரப்பு, வெட்டிவேர் வரிசை எல்லாம் இந்த ஓட்டத்தை உடைப்பதற்காகத்தான். மலைச்சாலைக்காக வெட்டிய பக்கவாட்டு மண், குவாரிக் கழிவு, சுரங்கக் குவியல் ஆகியவை பரப்பில் சிறியவை. ஆனால் ஒரு மழையில் ஒரு பெரிய தோட்டம் முழுவதும் கொடுப்பதைவிட அதிக மண்ணைக் கொடுத்துவிடக்கூடும்.

ஆற்றில் மண் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. நீரோட்டம் இரட்டிப்பானால் அது சுமக்கும் மண் நான்கு மடங்கோ அதற்கு மேலோ கூடும். ஆகவே ஆண்டின் மண்வரத்தில் பெரும்பகுதி சில வெள்ள நாட்களிலேயே வந்துவிடுகிறது. கோடையில் கண்ணாடி போல ஓடும் ஆற்றைப் பார்த்து "இதில் என்ன மண் இருக்கிறது" என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான்.

இதை எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். வெள்ளம் ஓடும்போது பாலத்தின் நடுவிலிருந்து வாளியை இறக்கி நீர் எடுங்கள். கரையில் நின்று குனிந்து எடுப்பது ஆபத்து, ஓரத்து நீரில் மண்ணும் குறைவு. ஒரு லிட்டரை அளந்து பாட்டிலில் ஊற்றி இரண்டு நாள் அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்த நீரை மெதுவாக வடித்துவிட்டு, அடியில் உள்ளதை முன்கூட்டியே எடை பார்த்த தட்டில் கொட்டி வெயிலில் காயவைத்து, நகை எடை போடும் சிறு தராசில் நிறுங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் வந்தால் கன மீட்டருக்கு ஒரு கிலோ. அந்த ஆற்றில் விநாடிக்கு 10,000 கன அடி ஓடினால், ஒரே நாளில் சுமார் 24,500 டன் மண் உங்களைக் கடந்துபோகிறது.

இந்தச் சோதனை உண்மையைவிடக் குறைத்தே காட்டும். மணல் ஆற்றின் அடியோடு ஒட்டி ஓடுவதால் மேல்நீரில் அது அகப்படாது. இன்னும் கனமான பருமணலும் கூழாங்கல்லும் தரையில் உருண்டே வருகின்றன. அதனால்தான் மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையங்களில் நீர்மாதிரியைக் குறிப்பிட்ட ஆழத்தில், ஆற்றின் அகலத்தில் பல இடங்களில் எடுக்கிறார்கள். உருண்டு வருவதை அளப்பது மிகக் கடினம் என்பதால், மிதந்து வருவதில் ஒரு பங்கைக் கூட்டிக் கணக்கிடுவதே வழக்கம்.

உள்ளே வந்தபின் எங்கே படிகிறது

வேகமாக வந்த ஆறு, தேங்கி நிற்கும் நீரைத் தொட்டவுடன் நிதானமடைகிறது. கலங்கிய நீரைக் குடத்தில் ஊற்றி வைத்தால் நடப்பதே இங்கும் நடக்கிறது, பல கிலோமீட்டர் நீளத்தில். 0.1 மில்லிமீட்டர் மணல்துகள் அசையாத நீரில் 10 மீட்டர் ஆழம் இறங்க ஏறக்குறைய 20 நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் வண்டல்துகளுக்கு ஒன்றேகால் நாள் ஆகும். 0.001 மில்லிமீட்டர் களித்துகளுக்கு நான்கு மாதம். துகள் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்தால் இறங்கும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. நடைமுறையில் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கொஞ்சம் விரைவாகவே இறங்கும்.

இதன் விளைவு முக்கியமானது. மணல் அணைச்சுவர்வரை வருவதே இல்லை. நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதியில், ஆறு நுழையும் இடத்திலேயே விழுந்து ஒரு மணல்மேடாகிறது. அடுத்தடுத்த வெள்ளங்களில் அந்த மேடு அணையை நோக்கி நகர்கிறது, பின்னோக்கி ஆற்றுக்குள்ளும் வளர்கிறது. நுண்வண்டலும் களியும்தான் சுவர்வரை வந்து படிகின்றன.

பலரும், பொறியியல் படித்தவர்கள்கூட, ஒன்றைத் தவறாக நினைக்கிறார்கள். அணை கட்டும்போது மதகுக்குக் கீழே "டெட் ஸ்டோரேஜ்" என்று ஒரு பகுதியை ஒதுக்குவார்கள். மண்ணெல்லாம் அங்கே போய் நிரம்பும், அது நிரம்பும்வரை கவலையில்லை என்பது அந்த எண்ணம். மேலே சொன்ன கணக்குப்படி அப்படி நடப்பதற்கில்லை. பயிருக்கும் குடிநீருக்கும் நாம் எடுக்கும் மேல்மட்ட இருப்பை மணல் முதல் ஆண்டிலிருந்தே தின்னத் தொடங்குகிறது. அடியில் ஒதுக்கிய இடம் காலியாக இருக்கும்போதே மேலே இழப்பு நடந்துகொண்டிருக்கும்.

வரும் மண்ணில் எவ்வளவு தங்கும் என்பதை ஒரு விகிதத்தை வைத்து ஊகிக்கலாம்: அணையின் கொள்ளளவை ஆண்டு நீர்வரத்தால் வகுத்துப் பாருங்கள். 1953-இல் புரூன் என்ற அமெரிக்க நிலவியலாளர் பல நீர்த்தேக்கங்களின் அளவீடுகளைத் தொகுத்து வரைந்த கோடு இன்றும் புழக்கத்தில் உள்ளது. விகிதம் 0.01 என்றால் வரும் மண்ணில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தங்கும். 0.1 என்றால் 85 சதவீதத்துக்குப் பக்கத்தில். 1 என்றால் ஏறக்குறைய எல்லாமே. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் வரவேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி.யை வரத்தாக வைத்துக்கொண்டால் விகிதம் 0.53. அதாவது மேட்டூருக்குள் வரும் மண்ணில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியே போகாது.

மேட்டூருக்கு ஒரு சலுகை உண்டு. அதற்கு மேலே கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் தத்தம் பங்கு மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஒரே ஆற்றில் வரிசையாக அணைகள் இருந்தால் மேலே உள்ளது கீழே உள்ளதன் ஆயுளை நீட்டுகிறது. தன் ஆயுளைக் கொடுத்துத்தான் அதைச் செய்கிறது.

எப்படி அளக்கிறார்கள்

பழைய முறை கயிறும் ஈயக்குண்டும். இப்போது படகில் ஒலியலை ஆழமானியையும் ஜி.பி.எஸ். கருவியையும் பொருத்தி, நீர்த்தேக்கத்தின் குறுக்கே குறித்த இடைவெளியில் கோடு கோடாக ஓட்டுகிறார்கள். கிடைத்த ஆழங்களிலிருந்து ஒவ்வொரு மட்டத்துக்கும் நீர்ப்பரப்பு எவ்வளவு, கொள்ளளவு எவ்வளவு என்று புதிய அட்டவணை தயாராகிறது. பழைய அட்டவணையின் கொள்ளளவிலிருந்து புதியதைக் கழித்தால் மண்ணின் அளவு.

மலிவான இன்னொரு வழி செயற்கைக்கோள் படம். அணை நிறைந்திருக்கும்போதும் படிப்படியாக இறங்கும்போதும் எடுத்த படங்களில் நீர்ப்பரப்பை அளந்து, இரண்டு மட்டங்களுக்கு இடைப்பட்ட கொள்ளளவைக் கணக்கிடலாம். ஓர் ஏரியின் நீர்ப்பரப்பு ஒரு நாளில் 40 ஹெக்டேர், மட்டம் 2 மீட்டர் இறங்கியபின் 25 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். 40-ஐயும் 25-ஐயும் கூட்டி, இரண்டையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலமான 31.6-ஐயும் சேர்த்தால் 96.6. அதை உயரம் 2-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 64.4 ஹெக்டேர்-மீட்டர், அதாவது சுமார் 6.44 லட்சம் கன மீட்டர். இந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு: அந்த ஆண்டு நீர் எந்த மட்டம்வரை இறங்கியதோ அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று படத்துக்குத் தெரியாது.

முறை மாறினால் விடையும் மாறும். துங்கபத்திரையையே பாருங்கள்: 2008-இல் அளந்தபோது 100.86 டி.எம்.சி., 2016-இல் 105.79. எட்டு ஆண்டுகளில் 5 டி.எம்.சி. மண் தானாக எழுந்து வெளியேறிவிடவில்லை. கருவி, கோடுகளின் இடைவெளி, கணக்கிடும் முறை எல்லாம் வேறுபடும்போது இத்தனை இடைவெளி வரலாம். புதிதாகப் படிந்த களி பஞ்சுபோல நீரோடு ஊறி நிற்கும், கன மீட்டருக்கு அரை டன்கூட இராது. நாளாக நாளாக இறுகும். மணலோ படிந்த அன்றே கன மீட்டருக்கு ஒன்றரை டன். ஆகவே ஒரே டன் மண் பிடிக்கும் இடமும் காலத்தோடு மாறுகிறது. இரண்டு ஆண்டுகளின் எண்களை ஒப்பிடுவதற்கு முன் இரண்டும் ஒரே முறையில் எடுத்தவையா என்று பாருங்கள்.

எப்போது படிந்த மண் என்பதையும் கண்டுபிடிக்கலாம். அணுகுண்டுச் சோதனைகளின் தூசியில் வந்த சீசியம்-137 உலகெங்கும் 1950-களில் விழத் தொடங்கி 1963-இல் உச்சத்தை எட்டியது. ஏரித் தரையில் குழாயை இறக்கி எடுத்த மண்தூணை மெல்லிய வில்லைகளாக அறுத்துச் சோதித்தால், சீசியம் மிக அதிகமாக உள்ள அடுக்கு 1963-ஐச் சேர்ந்தது. அதற்கு மேலே உள்ள கனத்தை ஆண்டுகளால் வகுத்தால் சராசரிப் படிவு வேகம். இயற்கை ஏரிகளின் நூற்றாண்டு மாற்றங்களைப் படிப்பவர்கள் காரீயம்-210-ஐயும் இதனோடு சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள்.

தோண்டி எடுத்துவிட முடியாதா

கோடைக்குக் கோடை இந்தக் கேள்வி எழுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஆகவே ஒரு டி.எம்.சி. மண் என்றால் ஒரு கோடி யூனிட். நான்கு யூனிட் பிடிக்கும் டிப்பரில் 25 லட்சம் லோடு. நாளொன்றுக்கு 1,000 லோடு, ஒரு நாளும் நிறுத்தாமல் எடுத்தாலும் ஏழு ஆண்டுகளை நெருங்கிவிடும். துங்கபத்திரையில் 63 ஆண்டுகளின் சராசரி இழப்பு ஆண்டுக்கு 0.42 டி.எம்.சி. புதிதாக வருவதை மட்டும் வெளியேற்றி இப்போதிருக்கும் நிலையைக் காக்கவே தினமும் 2,900 லோடு போகவேண்டும். கொட்ட இடம், டீசல், சாலை எல்லாம் பிறகு. பெரிய அணைகளில் மதகு வாயிலும் குடிநீர் எடுக்கும் இடத்திலும் தூர்வாருவது அவசியம். அணையையே தோண்டிப் பழைய கொள்ளளவுக்குக் கொண்டுவருவோம் என்பது கணக்குத் தெரியாத வாக்குறுதி.

பெரிய அணைக்குக் கைகொடுப்பது நீரின் விசைதான். மண் அதிகம் வரும் முதல் வெள்ளங்களில் நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைத்து, அடிமதகைத் திறந்து, கலங்கலை நிற்கவிடாமல் கடத்திவிட வேண்டும். பருவத்தின் பிற்பகுதியில் வரும் தெளிந்த நீரைத் தேக்க வேண்டும். இதைச் சீனா பெரும் விலை கொடுத்துக் கற்றது. மஞ்சள் ஆற்றில் சான்மென்சியா அணை 1960-இல் நீர் தேக்கத் தொடங்கி ஒன்றரை ஆண்டுக்குள், வந்த மண்ணில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உள்ளே தங்கிவிட்டது. பின்புறம் வெய் ஆற்றின் படுகை உயர்ந்து வெள்ள அபாயம் வந்தது. அதன்பிறகு சுரங்க வழிகள் தோண்டி, அடைத்திருந்த அடித்துளைகளை மறுபடி திறந்து, 1970-களில் இயக்கத்தையே மாற்றினார்கள். ஜப்பானில் அசாஹி அணையில் 1998 முதல் வெள்ளத்து மண்ணை அணைக்குள் விடாமல் சுரங்கம் வழியே சுற்றிக் கீழே அனுப்புகிறார்கள்.

இந்த வழிகளுக்கு அடிமட்டத்தில் பெரிய மதகு வேண்டும், கொஞ்சம் நீரை இழக்கத் துணிவும் வேண்டும். அடிமதகு இல்லாத அணையில் பின்னால் பொருத்துவது மிகுந்த செலவு. நீருக்குப் பல பங்காளிகள் இருக்கும் ஆற்றில் "முதல் வெள்ளத்தை விட்டுவிடுவோம்" என்று யாரும் எளிதில் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள்.

ஏரிகளில் கதை வேறு

தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கு மேல் ஏரி, கண்மாய்கள் உள்ளன. இவை ஆழமற்றவை, கோடையில் வற்றுபவை, அருகிலேயே வயல் உள்ளவை. இங்கே தோண்டுவது நடக்கக்கூடிய காரியம், காலங்காலமாக நடந்த காரியமும்கூட.

குமிழித்தூம்பு என்ற பழைய மதகு அமைப்பைப் பாருங்கள். ஏரியின் உட்புறம் கரையிலிருந்து தள்ளித் தரையில் கல்லால் ஒரு பெட்டி. அதன் மேல்பலகையில் நீரோடித் துளை, அடியில் சிறிய சேறோடித் துளைகள். பெட்டியிலிருந்து கரைக்கு அடியில் சுருங்கை என்ற மூடிய வழி வெளியே போகும். ஒருவர் நீந்திப் போய் மேலே உள்ள மூடுகல்லைத் தூக்கினால் நீர் உள்ளே பாயும். அந்த இழுப்பில் அடித்துளைகள் வழியே சேறும் சேர்ந்து போகும். பாசன நீரோடு வண்டல் வயலுக்குப் போய்விடுகிறது. தூம்பைச் சுற்றியுள்ள சேற்றைத்தான் இது இழுக்கும், ஏரி முழுவதையும் அல்ல. அதனால்தான் தூர்வாருவதும் கூடவே நடந்தது. 10-ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரியைக் கவனித்துக்கொண்ட ஊர்க்குழுவான ஏரி வாரியத்தைப் பேசுகின்றன. படகில் சேறு அள்ளிக் கரையில் கொட்டுவதற்கு அறக்கட்டளை வைத்த கல்வெட்டுகளும் உண்டு. இலங்கையின் வடமத்திய வறண்ட பகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த குளத்தொடர்களில் தலைப்பில் "குளுவெவ" என்ற சிறு குளத்தைப் பாசனத்துக்கென்று இல்லாமல், மண்ணைப் பிடித்து வைக்கவும் காட்டு விலங்குகள் நீர் குடிக்கவும் விட்டிருந்தார்கள். கீழே உள்ள பெரிய குளத்தைக் காப்பாற்ற மேலே ஒரு சிறு குளம் தூர்ந்துபோகட்டும் என்பது அதன் திட்டம்.

ஏரி ஆழம் குறைவதில் இன்னொரு இழப்பும் உண்டு. ஆவியாதல் ஆழத்தைத்தான் எடுக்கிறது. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் போனால் மாதம் 15 சென்டிமீட்டர். நான்கு மாதத்தில் 60. மூன்று மீட்டர் ஆழ ஏரிக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. ஒன்றரை மீட்டராகத் தூர்ந்த ஏரிக்கு ஐந்தில் இரண்டு. ஆழமற்ற நீர் விரைவில் சூடாகும், வெளிச்சம் தரைவரை போகும், வண்டலோடு வந்த பாஸ்பரஸ் கரையும். பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகி, மடிந்து, அவையே அடியில் சேறாகச் சேரும். அதன்பிறகு மேட்டுப்பகுதியில் சீமைக்கருவேலம் முளைக்கும், அடுத்துப் பட்டா கேட்டு யாரோ வருவார்கள்.

40 ஹெக்டேர் ஏரியில் சராசரி 30 சென்டிமீட்டர் வண்டலை எடுத்தால் 1.2 லட்சம் கன மீட்டர், ஏறக்குறைய 42 லட்சம் கன அடி இடம் திரும்பக் கிடைக்கும். எடுத்த மண்ணை எங்கே போடுவது? தமிழ்நாடு அரசு விவசாயிகளுக்கு ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுக்க அனுமதித்தபோது நிர்ணயித்த அளவு நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. பரப்பினால் சுமார் 2 சென்டிமீட்டர் கனம் வரும், நியாயமான அளவுதான். மேற்படி ஏரியின் மண் 1,600 ஏக்கர் நஞ்சைக்குப் போதும். மணற்பாங்கான செம்மண்ணுக்குக் கருவண்டல் ஈரம் பிடிக்க உதவும். ஏற்கெனவே களிமண்ணான வயலில் போட்டால் வடிகால் கெடும். சாயப்பட்டறை, தோல் தொழில், நகரச் சாக்கடை கலந்த ஏரியின் சேற்றை ஆய்வகத்தில் உலோகங்களுக்குச் சோதிக்காமல் வயலில் போடவே கூடாது.

தூர்வாரும்போது நடக்கும் தவறுகள் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி. முதலாவது மட்டம் பார்க்காமல் வெட்டுவது. மடையின் அடிமட்டம் எது என்று அளவைக் கருவியால் குறித்துக்கொள்ளாமல் பொக்லைனை இறக்கினால், மடைக்குக் கீழே பள்ளம் விழும். அங்கே நிற்கும் நீர் மடை வழியே ஒருபோதும் வயலுக்கு ஏறாது. நிலத்தடிக்கு இறங்கலாம், மீனுக்கும் ஆகலாம், ஆனால் பாசனக் கணக்கில் சேராது. இரண்டாவது கரைக்கு அருகில் தோண்டுவது. லாரி ஏற்ற வசதி என்று கரையின் உள்ளடியிலேயே வெட்டினால் கரையின் பாதம் பலமிழக்கும், நிறைந்த ஏரியில் அங்கேதான் சரியும். கரை உயரத்தைப்போலப் பல மடங்கு தூரம் விட்டே தொடங்க வேண்டும். மூன்றாவது ஆழம் போய்விடுவது. பல ஏரிகளில் மணல் அடுக்கின்மேல் பல நூற்றாண்டுகளாகப் படிந்த களி ஒரு பூச்சுபோல நீரைத் தாங்குகிறது. அதைக் கிழித்துவிட்டால் அடுத்த ஆண்டு ஏரி முன்னைவிடச் சீக்கிரம் வற்றும். அங்கங்கே செங்குத்தான குழிகள் விழுந்தால் மழைக்குப்பின் குளிக்க இறங்கும் பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து. பள்ளத்தைச் சரிவாக, ஒரே பரப்பாக எடுக்க வேண்டும்.

எடுத்த மண்ணை உள்வாயிலேயே மேடாகக் குவித்து வைப்பது வீண்வேலை, அடுத்த மழையில் அது திரும்ப இறங்கும். வரத்துக் கால்வாயைத் தொடாமல் ஏரியை மட்டும் ஆழப்படுத்துவதும் அப்படியே. நீர் வராத ஏரி எவ்வளவு ஆழமாக இருந்து என்ன? தோண்டுவதற்குப் பதில், உபரிநீர் வழியும் கலிங்கை உயர்த்திக் கொள்ளளவைக் கூட்டலாம் என்ற யோசனையும் சில இடங்களில் வரும். கலிங்கு அரை அடி உயர்ந்தால் மேற்புறத்துப் பட்டா நிலங்களில் நீர் ஏறும், கரைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் விட்டிருந்த பாதுகாப்பு உயரம் குறையும். கரையையும் சேர்த்து வலுப்படுத்தாமல் இதைச் செய்யக் கூடாது.

கீழே மண் போகாவிட்டால்

அணை பிடித்துவைத்த மண் கீழே உள்ள ஆற்றுக்குச் சேரவேண்டியது. தெளிந்த நீர் வெளியே வந்தவுடன் சுமை இல்லாததால் படுகையையும் கரையையும் அரித்துத் தனக்கு வேண்டிய மண்ணை எடுத்துக்கொள்கிறது. 1970-இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் நைல் கழிமுகத்துக்கு வண்டல் ஏறக்குறைய நின்றுபோனது. ரோசெட்டா முனையில் கடற்கரை பின்வாங்கியது.

காவிரியில் படுகை மட்டத்தின் வரலாறு அணைக்கு முன்பே தொடங்குகிறது. முக்கொம்பில் ஆறு காவிரி, கொள்ளிடம் என்று பிரிகிறது. கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப் பிரிவு மணலேறி மேடாக, நீர் கொள்ளிடத்துக்கே இழுபட்டது, தஞ்சை வயல்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆர்தர் காட்டன் 1836-38-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். நீர் காவிரிக்குத் திரும்பியது. அளவுக்கு மீறித் திரும்பிக் காவிரித் தலைப்பை அரிக்கவும் தொடங்கியது. 1840-களில் அங்கும் படுகை மட்டத்தை நிறுத்திவைக்க ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. ஒரு கிளையின் படுகையைத் தொட்டால் மறு கிளையின் படுகை மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

20-ஆம் நூற்றாண்டில் மேலே அணைகள் மணலைத் தடுத்தன, கீழே லாரிகள் மணலை அள்ளின. வரவும் நின்று செலவும் கூடினால் படுகை இறங்கத்தான் செய்யும். இறங்கிய படுகையால் முதலில் பாதிக்கப்படுவது பாசன வாய்க்காலின் தலைமதகு. அதன் வாசற்படி கட்டிய காலத்து ஆற்றுமட்டத்துக்கு ஏற்ப இருக்கிறது. ஆறு ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டால் அதே அளவு நீர் ஓடினாலும் வாய்க்காலுக்குள் ஏறாது. கரையோரக் கிணறுகளின் மட்டம் ஆற்றோடு சேர்ந்து இறங்கும். முகத்துவாரத்தில் கடல்நீர் இன்னும் உள்ளே வரும், கொள்ளிடக் கடைமடையில் இது கண்கூடு. பாலத் தூண்களின் அடித்தளமும் மதகுகளின் கீழ்த்தளமும் வெளியே தெரியும். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போனபோது, கட்டுமானத்தின் 180 ஆண்டு வயதோடு கீழ்ப்பக்கப் படுகை தாழ்ந்துபோனதும் காரணமாகப் பேசப்பட்டது.

உங்கள் ஊர் ஆற்றில் இதைப் பார்க்க விரும்பினால் பழைய பாலத்துக்குப் போங்கள். தூணில் கட்டுமானத்தின் நிறமும் வேலைப்பாடும் மாறும் கோடு இருக்கும். அதற்குக் கீழே உள்ளது மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டிய அடித்தளம். கோட்டுக்கும் இன்றைய மணல்மட்டத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து, பாலம் கட்டிய ஆண்டோடு குறித்து வையுங்கள். தூணை ஒட்டி மட்டும் சுழிப்பள்ளம் விழுவது இயல்பு, ஆகவே இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள மட்டத்தை எடுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஆண்டும் அளந்தால் ஐந்தாறு ஆண்டில் படுகை ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

அணைக்கும் இதேபோல ஒரு சோதனை உண்டு. தினசரி அறிக்கையில் நீர்மட்டம் அடியிலும் இருப்பு டி.எம்.சி.யிலும் வரும். மட்டம் அளவுகோலில் நேராகப் படித்தது. இருப்பு அட்டவணையைப் பார்த்து எழுதியது. அந்த அட்டவணை எந்த ஆண்டு அளவீட்டின்படி தயாரித்தது என்று நீர்வளத்துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். பல பத்தாண்டுப் பழைய அட்டவணை என்றால், அறிக்கையில் உள்ள டி.எம்.சி. கணக்கில் மண்ணும் தண்ணீராக எண்ணப்பட்டிருக்கிறது.